புகை குறைந்த வீடு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் எல்வுட் பிங்கம், அவர் மனைவி தெர்சா, பக்கத்து வீட்டு மெர்ல், சர்ச் உதவிக்குழுவைச் சேர்ந்த ஏவிஸ். வெளியே அமெரிக்காவின் மெயின் மாநிலத்து ஜனவரிப் பனி. வாசலில் மெர்லின் வண்டி நிறைய விறகு.

“பத்து நாளா உங்க புகைபோக்கியில சரியாப் புகையே வரல. விறகு தீர்ந்துபோச்சுன்னு ஊரே பேசுது. கூச்சப்படாம வாங்கிக்குங்க,” என்றாள் ஏவிஸ்.

“பிங்கம் குடும்பம் யார்கிட்டயும் விறகுக்குக் கை நீட்டினதில்ல,” என்றார் எல்வுட் விறைப்பாக.

“வீம்புக்கு அண்ணியைக் குளிர்ல சாகடிப்பீங்களா?” என்ற மெர்ல், பேச்சுவாக்கில் கோட்டைக் கழற்றினான், பிறகு கம்பளிச் சட்டையையும்.

“ஏம்ப்பா, வேர்க்குதோ?” என்றாள் தெர்சா.

எல்வுட் எழுந்துபோய், ஜன்னலின் உட்புறம் கச்சிதமாகப் பொருந்தியிருந்த மரச்சட்டத்தைக் கழற்றி எடுத்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிய அந்தச் சட்டம் அதுவரை வந்தவர்கள் கண்ணில் படவே இல்லை. பழைய ஜன்னலின் இடுக்குகளில் பனிக்காற்று சீறியது.

“ஐயோ, மூடுங்க!” ஏவிஸ் அலறினாள்.

“பதினோரு ஜன்னலுக்கும் நானே செஞ்சது. வெயில் காலம் வந்தா கழட்டி வச்சிடலாம். என் விறகுல பாதி இன்னும் கொட்டகையிலதான் கிடக்கு.”

பிங்கம் வீட்டார் சர்ச் விறகை வாங்கிக்கொண்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. வந்த விறகு வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. ஏவிஸ் வீட்டு ஜன்னல்களுக்கு அளவெடுக்க எல்வுட்டும் அதே வண்டியில் போனார்.