நேற்று மாட்டிய செயின்

"மறுபடியும் நழுவிட்டியா?" என்று கத்தியது பின்சக்கரத்தின் பல்சக்கரம். மேட்டின் பாதியில் பெடல் வெறுமனே சுற்றியதால் துரைக்கண்ணு சைக்கிளிலிருந்து இறங்கினார். காலையிலிருந்து இது நான்காவது முறை.

"நானா நழுவுறேன்? உன் பல்லைப் பாரு, கொக்கி மாதிரி தேஞ்சு கிடக்கு. நான் எங்கே உக்கார்றது?" என்றது நேற்று மாட்டிய புதுச் செயின்.

"உனக்கு முன்னாடி இருந்த பழைய செயின் இருபது வருஷம் இதே பல்லுலதான் ஓடினா. ஒரு நாள் நழுவினதில்லை."

"அவளும் உன்னோட சேர்ந்து தேஞ்சு நீண்டவதானே. நடுவுல வந்து மாட்டிக்கிட்டது நான்."

பல்சக்கரத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. "செயினை மட்டும் மாத்துங்க, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நேற்று கடையில் துரைக்கண்ணு தன் வாயாலேயே சொல்லியிருந்தார். நன்றாக இருக்கிற தன்னை, நேற்று வந்தவள் கழற்ற வைத்துவிடுவாள் போலிருந்தது.

"ஒழுங்கா உக்காரு. இந்த மேடு ஏறுற வரைக்குமாவது உக்காரு, தாயே!"

செயினும் முயன்றுதான் பார்த்தது. ஐந்தாவது முறை நழுவியதில் துரைக்கண்ணுவின் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. அவர் சைக்கிளைக் கடைக்கே திருப்பினார்.

அரை மணி நேரத்தில், கழற்றிய பல்சக்கரம் அவர் கையில் இருந்தது. தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நேற்று கழற்றிய பழைய செயின் தொங்கிய ஆணியிலேயே மாட்டினார். சரிந்து விழப்போன அந்தப் பழைய செயினை எடுத்து அதன் பற்களின் மேல் போட்டார். விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்; ஒரு பல்லிலும் நழுவவில்லை. கை கழுவப் போனார்.