அப்பாவின் வயது

"தாத்தா, நான் பேசறது காதுல விழுதா?"

வலை ஊஞ்சலில் படுத்திருந்த எவேலியோவின் காதருகே குனிந்து கத்தினாள், தலைநகரிலிருந்து வந்திருந்த அந்த டாக்டர் பெண்.

அடுப்படியில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நிதியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எவேலியோ அவள் புருஷன். வயது அறுபத்தொன்பது. தொண்ணூற்றைந்து வயதுத் தாத்தா அதோ, இடுப்பில் வெட்டுக்கத்தி தொங்க, மாமரத்தடியில் கொம்பு மாதிரி நிற்கிறார். அவள் மாமனார் செகுந்தினோ.

நிகோயாப் பக்கம் நூறை நெருங்கும் கிழவர்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவது சகஜம். இந்தப் பெண், அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்தே சோதித்து, எந்தத் தலைமுறை கெட்டி என்று பார்க்க வந்தவள். வந்த இடத்தில் ஆள் மாறிப்போச்சு!

"அவர் இல்லைம்மா" என்று நிதியா வாயெடுப்பதற்குள், டாக்டர் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டாள்.

"அடேயப்பா! தொண்ணூத்தஞ்சு வயசுல இந்த பிரஷரா? எங்க அப்பாவுக்குக்கூட இப்படி இல்லையே தாத்தா!"

ஏதோ சொல்லத் திறந்த வாயை எவேலியோ மூடிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒருநாள் நெஞ்சு படபடத்ததிலிருந்து மனுஷனுக்கு அந்த ஊஞ்சலே கதி. "ஒண்ணுமில்லை, எழுந்து நடங்க" என்றார் ஊர் டாக்டர். இவர் கேட்கவில்லை. "எங்கப்பா உடம்பு எனக்கு வாய்க்கலை. அவருக்கு முன்னாடி நான் போயிடுவேன்" என்று புலம்பியே காலைக் குச்சியாக்கிக்கொண்டார். ஊர் வாயும் சும்மா இருந்ததா? "அப்பன் விறகு பிளக்கிறான், பிள்ளை ஊஞ்சல் ஆடறான்" என்று கடைவாசலில் சிரித்தார்கள். ஒன்றுமே இல்லாமல் இவர் படுத்தே செத்துப்போவாரோ என்று நிதியாவுக்கு உள்ளூர உதறல்.

"இதைக் கையால அமுக்குங்க தாத்தா, பார்ப்போம்."

எவேலியோ பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடி பலம் பார்க்கும் கருவியை அமுக்கினார்.

"பிரமாதம்! நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா? நான் பிடிச்சுக்கட்டுமா?"

"எதுக்குப் பிடிக்கணும்?" என்று உட்கார்ந்து எழுந்தார் எவேலியோ. மூச்சு வாங்கியது, காட்டிக்கொள்ளவில்லை. "இன்னொரு தரம் எழுந்திருக்கட்டுமா?"

"போதும் தாத்தா! எனக்கே பொறாமையா இருக்கு. என்ன ரகசியம்?"

"எல்லாம் என் மருமக கைப்பக்குவம்தான்" என்று கொஞ்சமும் கூசாமல் தன் பெண்டாட்டியையே காட்டினார்.

நிதியாவின் ரொட்டி கல்லிலேயே கருகியது.

டாக்டர் இப்போது செகுந்தினோ பக்கம் திரும்பினாள். அவரிடம் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. குரலில் கண்டிப்பு ஏறியது.

"அறுபத்தொம்பது வயசுதானே ஆகுது? இப்பவே காது மந்தமா? போதாததுக்கு வாயில சுருட்டு வேற! உங்க அப்பாவைப் பார்த்தாவது திருந்தக் கூடாதா?"

"என்ன பண்றதும்மா, நான் பொறந்ததுலேர்ந்தே கொஞ்சம் நோஞ்சான்" என்றார் செகுந்தினோ பணிவாக.

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டர், இந்தப் பய கேக்கவே மாட்டேங்கறான்!" என்றார் எவேலியோ.

பெற்ற அப்பனைப் 'பய' என்கிறாரே! நிதியாவுக்கு ரத்தம் கொதித்தது. வெளியாள் முன்னால் வீட்டு மானம் போகக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரை வழியனுப்பச் செகுந்தினோ வாசல் வரை போனார். அதற்குள் எவேலியோ வீடு முழுக்கத் தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரேன்."

"நீங்களா? நடந்தா?"

"பின்னே? அறுபத்தொம்பது வயசுல ஊஞ்சல்ல படுத்துக் கிடக்க நான் என்ன கிழவனா?"

தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்வாசல் வழியே போயே விட்டார்.

செகுந்தினோ திரும்பி வந்ததுதான் தாமதம், நிதியா கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"பார்த்தீங்களா மாமா, உங்க புள்ளை லட்சணத்தை! உங்களுக்குச் சேர வேண்டிய பேரையெல்லாம் வாரிச் சுருட்டிக்கிட்டார். கொஞ்சமாவது வெக்கம் இருக்கா? இருங்க, நான் ஓடிப்போய் அந்த டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்."

"நான் சொல்லியாச்சு. சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரையும் மாத்தி எழுதிக்கிட்டா. உன் புருஷன்கிட்ட மட்டும் மூச்சு விடாதே."

"அது போகட்டும். டாக்டருக்குப் படிச்ச பொண்ணு, அப்பா யாரு, புள்ளை யாருன்னுகூடவா கேட்டுக்காம வைத்தியம் பார்க்க உட்காரும்?"

செகுந்தினோ அணைந்துபோன சுருட்டை நிதானமாகப் பற்றவைத்தார்.

"அதைத் திட்டாதே, பாவம். வந்ததுமே வாசல்ல என்கிட்ட, 'உங்க அப்பா எங்கே இருக்கார்?'னு கேட்டுச்சு. நான்தான் ஊஞ்சலைக் காட்டினேன்."