கதவோர இருக்கை

"காரணம் எனக்கே தெரியாது சார். சீட்டுல என்ன போட்டிருக்கோ அதை மட்டும் பண்ணுங்க" என்றார் முதன்மைக் கண்காணிப்பாளர் அம்மா, விடைத்தாள் கட்டை நீட்டியபடி.

கணித விரிவுரையாளர் சீட்டைப் படித்தார். 'தனி அறை. கதவோர இருக்கை. வேண்டும்போது எழுந்து நடக்கலாம். அரை மணி நேரம் கூடுதல். தேர்வைத் தள்ளிவைக்க முன்வந்தோம். மாணவி வேண்டாம் என்றுவிட்டார்.'

"ஒரே ஒரு பொண்ணுக்கு ஒரு ரூமு, ஒரு ஆளு! இப்பல்லாம் ஆளாளுக்கு ஒரு சலுகை மேடம். நாம காய்ச்சலோட வந்து எழுதலையா?"

"எழுதினோம். ஏன்னா அப்போ நம்மளைக் கேக்க நாதி இல்ல. அது ஒண்ணும் பெருமை இல்ல சார். போங்க, மணி ஆகுது."

மாணவர்கள் விரிவுரையாளருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கழுகு. தேர்வு அறையில் ஒரு துண்டுச் சீட்டு அசைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அவர் தனி அறைக்குப் போனபோது அந்த மாணவி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் பலகை அடைத்த பழைய மேசை. குளிருக்குத் தொளதொளவென்று ஒரு கோட்டு. அடையாள அட்டையைக் கேட்டால் எழுந்திருக்காமலே நீட்டினாள். 'ரொம்ப மரியாதை தெரிஞ்ச பொண்ணு' என்று மனசுக்குள் பல்லைக் கடித்தார் கழுகு.

மணி அடித்தது.

பாலக் கட்டுமானத் தாள். கடைசி ஆண்டின் கடைசித் தேர்வு. சும்மா ஒரு நடை போவதுபோல் அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒரு சமன்பாட்டிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது என்று படி இறங்குவதுபோல் நிதானமாக இறங்கி வந்தது. இரண்டு பக்கமாவது ஆகும் என்று அவர் நினைத்த கணக்கை ஆறே வரியில் முடித்துக் கோடு போட்டாள். இருபது வருடத்தில் இப்படி ஒரு விடைத்தாளை அவர் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. அப்போதுதான் அவருக்கு மூக்கில் வேர்த்தது.

திடீரென்று அவள் பேனா நிற்கும். கண்ணை மூடிக்கொள்வாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுக்கும். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கணக்குப் போட்டுப் பார்க்கும் தாளின் ஓரத்தில் ஒரு எண்ணை எழுதுவாள். உடனே, ஒன்றுமே நடக்காததுபோல், விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அதேதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி. எழுந்து நடக்க அனுமதி வாங்கியவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

'மனப்பாடம் பண்ணிட்டு வந்த ஏதோ குறியீடு' என்று முடிவுகட்டினார் கழுகு. அவ்வளவு அழகான விடைத்தாள் திருட்டாகப் போனதே என்று அவருக்கே மனசு வலித்தது.

முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் விடுவிடுவென்று போய் விடைத்தாளை உருவினார்.

"என்ன நம்பர் இது?"

அந்தக் குளிரிலும் அவள் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"உன்னைத்தாம்மா கேக்கறேன். திருடும்போது இருந்த தைரியம் பதில் சொல்ல இல்லையா?"

ஒரு நிமிடம் போனது. அவள் கண்ணைத் திறந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் கண் முன்னாலேயே கணக்குத் தாளின் ஓரத்தில் 7 என்று எழுதினாள்.

"பேப்பரைக் குடுங்க சார். நேரம் போகுது."

என்ன நெஞ்சழுத்தம்! கழுகு கதவைத் திறந்து சத்தமாகக் கூப்பிட்டார். முதன்மைக் கண்காணிப்பாளர் அம்மா அரக்கப்பரக்க ஓடி வந்தார்.

"கையும் களவுமா பிடிச்சுட்டேன் மேடம். நீங்களே பாருங்க."

தாளின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எண்கள். 20, 18, 15, 15, 12, 10, 8, 7.

அம்மா படித்தார். மேலிருந்து கீழே இன்னொரு தடவை படித்தார். அவர் முகம் மாறியது. கழுகின் கையிலிருந்த விடைத்தாளை வெடுக்கென்று பிடுங்கி அவள் முன்னால் வைத்தார். தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ ஆரம்பிச்சுதும்மா?"

"ரெண்டாவது கேள்வி எழுதும்போது, மேடம். இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னுதான் டாக்டர் சொன்னாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஆனதும் கிளம்பி வரச் சொல்லியிருக்காங்க."

"சார், உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "இது காப்பியடிச்ச நம்பர் இல்ல. பிரசவ வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுன்னு குறிச்சு வச்சிருக்கா."

போனை எடுத்த கழுகைப் பார்த்து, ஒரு கையால் நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி, மறு கையால் பேனாவை எடுத்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"வண்டி வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும் இல்ல சார்? பாக்கி ஒரு கேள்விதான். அது போதும்."