வேண்டாம் என்று ஒரு ஓட்டு

அரசு ஊழியர் சம்பளத்தைக் கூட்டலாமா என்று அவரவர் தெருவில் வரி கட்டுகிறவர்களே ஓட்டுப் போடும் சட்டம் வந்த இரண்டாம் வருடம், அதே தெருவில் இருக்கும் அரசு நர்ஸ் ரெஜினாவின் பெயர் குணவதியின் கைபேசிக்கு ஓட்டுக்காக வந்தது. இருவரும் ஒன்றாக நர்சிங் படித்து ஒன்றாக அரசுத் தேர்வு எழுதியவர்கள். ரெஜினா தேறினாள், குணவதி தனியார் ஆஸ்பத்திரியில் பாதிச் சம்பளத்துக்கு அதே வேலையைப் பார்க்கிறாள். ரெஜினா மாடி வேறு கட்டுகிறாளே, என் வரியில் இன்னுமா என்று வயிறெரிந்து "வேண்டாம்" என்பதை அழுத்தினாள். தெருவே அப்படித்தான் அழுத்தியிருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் முடிவு வந்தது. வேண்டும் என்றவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், வேண்டாம் என்றவர் ஒருவர்.

சாயங்காலம் ரெஜினா வீடு வீடாக லட்டு கொடுத்துக்கொண்டு குணவதி வீட்டுக்கும் வந்தாள்.

"யாரோ ஒருத்தருக்கு மட்டும் என் மேல வருத்தம்டி. யாருன்னு தெரிஞ்சா போய் மன்னிப்புக் கேட்டுட்டு வருவேன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

குணவதி முழு லட்டையும் வாயில் போட்டுக்கொண்டாள்.