பெட்ரோல் வாசனை

"ஓட்டை எங்க இருக்கு பாருங்க சார்." மெக்கானிக் என் காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்கைத் தூக்கிக் காட்டினார். மேல் விளிம்பில், இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது.

"டேங்க் ரொம்பினாத்தான் இது ஒழுகும். பாதி டேங்க்ல நாள் பூரா குனிஞ்சு பார்த்தாலும் ஒரு சொட்டு தெரியாது."

"நான் எப்பவும் பாதிதான் போடுவேன். நேத்துதான் முதல் தடவையா ஃபுல் டேங்க் போட்டேன். தரையெல்லாம் பெட்ரோல்."

"ஆனா இது நேத்து வந்த ஓட்டை இல்ல. ரெண்டு வருஷமாவது இருக்கும். வாசனை வருதுன்னு யாருமே சொல்லலையா?"

"அப்பா சொல்வார். அவர் ஓட்டினப்போ ஃபுல் டேங்க்தான் போடுவார்."

"பெரியவருக்குப் பொல்லாத மூக்கு சார்! இந்த டேங்கை அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. சந்தோஷப்படுவார்."

"வேணாம். புதுசை மாட்டிட்டு, பழசை இரும்புக் கடையில போட்டுடுங்க."

கை கழுவப் போனேன். இரண்டு முறை சோப்பு போட்டும் வாசனை போகவில்லை.

மனநலக் காப்பகத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அப்பா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "வண்டியில பெட்ரோல் வாசனை நின்னுடுச்சாப்பா?"

"இல்லாத வாசனைப்பா அது."

ஒரு வருடம் முன்பு இதையே சொல்லித்தான் அவரை அங்கே சேர்த்தேன். டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் தெளியலை. வீட்டுக்கு அனுப்ப முடியாது."

நாளை ஞாயிறு. நாளைக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன்.