ஆறு பொருத்தம்

"ஏட்டி சண்முகத்தாயி, வெளிய வா! எம் புள்ளை இடுப்புல கெடந்த தாயத்து எங்க?"

நேற்று வரைக்கும் வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்ட குருவம்மாள்தான் இன்று 'ஏட்டி' போட்டாள்.

தாயத்து வெள்ளி. வெள்ளி போனால் போகிறது. உள்ளே இருந்தது கைக்குழந்தை மாரிச்சாமியின் தொப்புள்கொடி. பிறந்த ஏழாம் நாள் விழுந்ததைக் காயவைத்து, தாயத்தில் அடைத்து, அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியது. அது இடுப்பை விட்டுப் போனால் பிள்ளைக்கே ஆகாது என்பது இராஜபாளையத்தில் அந்தத் தெருக்காரர்களின் நம்பிக்கை.

இவன் தாயத்து மட்டுமில்லை. ஒரே வாரத்தில் தெருவில் நாலு காணாமல் போயிருந்தன. தாய்மார் பேண்டேஜ் கம்பெனிக்குப் போனபின் அந்த நாலு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவள் சண்முகத்தாய். ஆளைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை.

"புள்ளை இல்லாதவ கையில புள்ளையைக் குடுத்தா இப்படித்தான்," என்றாள் எதிர்வீட்டுச் சுந்தரம்மாள். "கொடியை வாழைப்பழத்துல வச்சு முழுங்குனா வயிறு தெறக்கும்னு எவளாவது சொல்லியிருப்பா. முழுங்கிட்டா!"

"நாப்பது வயசுக்கு மேலயா?" என்றாள் கூட்டத்தில் இன்னொருத்தி.

"ஆசைக்கு வயசு எங்க இருக்கு?"

சண்முகத்தாய் வாசலுக்கு வந்தாள். பத்து வருடத்துக்கு முன் ஆலங்குளத்திலிருந்து புருஷனோடு குடிவந்தவள். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான்தான் எடுத்தேன். முழுங்கல. திருப்பித் தந்துருவேன், ரெண்டு நாளு பொறுங்க."

"இப்ப எங்க இருக்கு?"

சண்முகத்தாய் தெருமுனையைப் பார்த்தாள். குருவம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏற்கெனவே ஒண்ணு நோவுல கெடக்கு. இன்னொண்ணையும் கெடத்தணுமா ஒனக்கு?"

அவள் சொன்னதும் மெய்தான். மூத்தவள் செல்லக்கனிக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய். வேலூரில் வீட்டார் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்து ஆறு பொருத்தம் பார்த்தார்கள். ஆறும் சேர்ந்தால்தான் எலும்பு மஜ்ஜை மாற்ற முடியுமாம். அப்பனுக்கு மூன்று, ஆத்தாளுக்கு மூன்று, தம்பிக்கும் மூன்றுதான் தேறியது.

"கல்யாணத்துக்குப் பத்துல ஆறு இருந்தாலே முடிச்சிருதாங்க. ஒரு பரிகாரம் பண்ணிட்டு மாத்த முடியாதா சார்?" என்று டாக்டரிடமே கேட்டுப்பார்த்துவிட்டான் அப்பன் தவசிமுத்து. மகளுக்காக மனுஷன் என்னதான் கேட்கமாட்டான்!

ஊர் திரும்பியவன் இன்னொன்றும் சொன்னான். வெளிநாட்டில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கிறார்களாம். யார் பெற்ற பிள்ளையுடையதானாலும் பொருந்தினால் போதுமாம். இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் வரைக்கும் நம் பக்கம் வரவில்லையாம். தெரு மொத்தமும் 'உச்' கொட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனது.

அந்தத் தவசிமுத்துதான் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் மகளுக்கு மருந்து வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தான்.

"அந்தக்காவை ஒண்ணும் சொல்லாதீக!"

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பேண்டேஜ் துணியில் தனித்தனியாக முடிந்த தாயத்துகள். ஒவ்வொரு முடிச்சிலும் பால்பாயிண்ட் பேனாவால் பிள்ளையின் பேர்.

"டாக்டர் குடுத்தாரு. முந்தாநாளு அக்கா ஒத்தையில போயி அவரு மேசையில வச்சிருக்கு. 'செல்லக்கனிக்கு இதுல எது பொருந்தும்னு பாருங்க'ன்னு."



"கேட்டிருந்தா நாங்களே அவுத்துக் குடுத்திருக்க மாட்டோமா?" என்றாள் சுந்தரம்மாள்.

"குடுத்திருப்பீகளா?" என்றான் தவசிமுத்து.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"டாக்டரு... என்ன சொன்னாரு?" குருவம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

"காய்ஞ்ச கொடி ஆகாதாம். பொறந்த ஒடனே பிடிச்ச பச்சை ரத்தந்தான் வேணுமாம். அக்கா மொகத்தைப் பாத்து அதைச் சொல்ல அவருக்கு மனசு வரல. 'வச்சுட்டுப் போங்கம்மா'ன்னுட்டாராம். ஆனா நேத்தே வெளிநாட்டுக்குக் கடுதாசி எழுதிப் போட்டுட்டாரு. எங்கயாவது பொருந்துறது இருக்கும், தேடுவோம்னு சொன்னாரு."

சண்முகத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஆகாது என்று அவளும் இப்போதுதான் கேட்கிறாள்.

தாய்மார் ஒவ்வொருவராக வந்து பேரைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர், நாலு தாயத்து. துணியில் இன்னொன்று மிச்சமிருந்தது. வெள்ளி கறுத்துப்போன பழைய தாயத்து.

"இதுல பேரே இல்லியே. இது எந்தப் புள்ளையோடது?" என்றாள் குருவம்மாள்.

தவசிமுத்து அதை எடுத்து, இரண்டு கையாலும் சண்முகத்தாயிடம் நீட்டினான்.

"டாக்டர்கிட்ட இதைத்தான் மொதல்ல குடுத்துச்சாம். 'இது எம் புள்ளையோடதுய்யா. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. இது பொருந்திட்டா, மத்த நாலையும் இன்னைக்கே கொண்டுபோயிக் கட்டிருவேன்'னு."