எல்லாமே பிரமாதம்

"மருந்து நோயைக் கொல்லணும் டாக்டர். நாக்கை எதுக்குக் கொல்லுது?"

உட்காருவதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். ஃபைலை மேசைமேல் போட்ட வேகத்தில் டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் கணவர் குனிந்து அதை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவர் அவர். இப்போது புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இடுப்பு எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ. நான்கு முடிந்து, இன்றைக்கு ஐந்தாவது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் இந்த அறைக்கு வந்து, என்னென்ன தொந்தரவு என்று சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் அந்த வீட்டில் நோய் அவருக்கு, வாய் அவளுக்கு.

"முதல்ல வாந்தி, விரல் மரப்பு எல்லாம் கேட்டுடறேம்மா" என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண்தான், ஆனால் பொறுமைசாலி.

"வாந்தி ரெண்டு நாள். விரல் மரத்துப்போய் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடறேன். முடி போச்சு, போகட்டும். இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்தது? அதையெல்லாம் கேக்க நான் வரல. இந்த நாக்கைப் பத்திக் கேக்க வந்திருக்கேன்."

"நாக்குக்கு என்னாச்சு?"

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து என் சமையலைக் குறை சொல்லாம இந்த மனுஷன் சாப்பிட்டு எழுந்ததே இல்ல. உப்பு ஒரு கல்லு கூடன்னுவாரு. மிளகை அரை நிமிஷம் முந்திப் போட்டுட்டேன்னுவாரு. எங்கம்மா கைச் சாப்பாட்டுக்கே திருத்தம் சொன்ன ஆளு! இப்ப மூணு மாசமா எதைப் போட்டாலும் பிரமாதம். முட்டை வச்சா பிரமாதம். மீன் வச்சா பிரமாதம். அவிச்ச கிழங்கு கூடப் பிரமாதம். கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பாராட்டறாரு, நல்லதுதானேம்மா?"

"என்ன நல்லது? கிளம்பற நேரத்துல எல்லார்கிட்டயும் நல்ல பேரு வாங்கிக்கப் பாக்கறாரோன்னு எனக்குத் தோணுது." அழுதால் தோற்றுவிடுவோம் என்று பயந்து இன்னும் உரக்கப் பேசினாள். "அதான் சோதிச்சுப் பாத்துட்டேன். முந்தாநேத்து சூப்ல வேணும்னே உப்பே போடல. ஒரு கல்லு கூடப் போடல. குடிச்சிட்டு என்ன சொன்னாரு தெரியுமா?"

"பிரமாதம்னாரா?"

"இன்னொரு கரண்டி ஊத்துன்னாரு!"

அவர் தன் மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க குடிச்சுப் பாக்கலையா?"

"எனக்கு எங்க இறங்குது? ரெண்டு ரொட்டியைத் தண்ணியில தொட்டுத் தின்னுட்டுக் கிடக்கேன். என்னை விடுங்க, இவரைக் கேளுங்க."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, ருசி தெரியலையா?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"தெரியல டாக்டர்."

"பாத்தீங்களா! நாலு தடவை இங்க வந்தாரு, ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னாரா? நாலு கிலோ இறங்கியிருக்காரு. ருசி தெரியாம தின்னா உடம்புல ஒட்டுமா? நோயாளின்னா என்னத்தை வேணா ஏத்துவீங்களா? குறைங்க டாக்டர், இந்த மருந்தைக் குறைங்க!"

டாக்டர் எடைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "நாலு கிலோ அதிகம்தான். மருந்து நல்லா வேலை செய்யற நேரம், குறைக்க எனக்கு மனசில்ல. ஆனா சாப்பாடு போகலன்னா உடம்பு தாங்காது. சரி, இன்னிக்குக் கொஞ்சம் குறைச்சே ஏத்தலாம். கீழ ரத்த ரிப்போர்ட் வந்திருக்கும், வாங்கிட்டு வந்துடறீங்களாம்மா?"

"வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இவருக்கும் சேத்து நான்தான் பேச வேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து போனாள்.

அவள் படி இறங்கும் சத்தம் ஓயும்வரை அவர் காத்திருந்தார். அதுவரை வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்போல் இருந்த மனிதர், மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஒரு சொட்டுக் குறைக்கக் கூடாது! இப்பத்தான் எலும்பு வலி விட்டு ராத்திரி தூங்கறேன். உள்ள போறது என் நரம்புல, குறைக்கிறதுக்கு அவ யாரு, நீங்க யாரு?"

டாக்டர் திடுக்கிட்டார். "நீங்கதானே ருசி தெரியலன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். என் நாக்குக்கு ஒரு கேடும் இல்ல."

"அப்ப அந்த உப்பில்லாத சூப்பை எப்படி..."

"உப்பில்லையா? கடல் தண்ணி டாக்டர் அது! மிச்சத்தை அவ வாயில வச்சுடக் கூடாதேன்னுதான் இன்னொரு கரண்டி கேட்டேன்." அவர் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என் நோய்க்குப் பேர் சொன்ன அன்னியிலேருந்து, உப்பைப் போட்டோமா போடலையான்னு தெரியாமதான் அவ சமைச்சுக்கிட்டிருக்கா, தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா, செத்தது என் நாக்குன்னே இருக்கட்டும்."